கொக்கி முளை

“உப்பளத்து டிரைவரை இன்னைக்கு மத்தியானம் போலீசுல பிடிச்சுக் குடுக்கப் போறாங்களாம்” என்று பின்சீட்டில் யாரோ யாரிடமோ சொன்னார்.

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் அந்தக் கரி பஸ் தூத்துக்குடியைத் தாண்டி மறுபடியும் நின்றிருந்தது. கண்டக்டர் பின்னால் போய்க் கரியடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் இருந்த மரியசெல்வி மடியிலிருந்த துணிமூட்டையை இறுக்கிக்கொண்டாள். அந்த டிரைவர் ஜேசுபாதம் அவள் புருஷன். மூட்டைக்குள் அவனுடைய மாற்றுச் சட்டை இருந்தது. அவளுக்குப் பக்கத்தில், காலடியில் ஒரு கூடையோடு உட்கார்ந்திருந்த சங்கரம்மாளுக்கு இவள் அவன் மனைவி என்று தெரியாது. சங்கரம்மாள் உப்பள முதலாளி வன்னியபெருமாளின் மனைவி.

“குடுக்கட்டும், குடுக்கட்டும். நான்தான் குடுக்கச் சொன்னேன், கேட்டியா ஏளா? எங்க வீட்டுக்காரக ஒரு வாயில்லாப்பூச்சி. ‘பிள்ளகுட்டிக்காரன், போட்டும்’னு இழுத்தாக. போட்டுமாம்ல… இன்னைக்கி முளை போச்சு, நாளைக்கி லாரி போவும். அப்பவும் போட்டும்னு நிப்பாகளா? மத்தியானத்துக்குள்ள முளைய ஒப்படைச்சா சரி, இல்லன்னா போலீசுதான்னு நான் ஆள்கிட்ட சொல்லி விட்டுட்டேன். அங்கன உப்பளத்துக் கொட்டகையில உக்கார வச்சிருக்காக அவன.

கொக்கி முளைன்னா உனக்கு என்ன தெரியும்… சண்டை முடிஞ்சதும் பட்டாளத்துக்காரன் லாரிய வித்தான்லா, அதுல ஒண்ணு வாங்கினோம். பின்னால கோத்து இழுக்க ஒரு பெட்டிவண்டி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கொக்கி. அத ஏத்தி எறக்க ஒரு சட்டம், சட்டத்துல மேலயும் கீழயும் ஓட்டை. பாரத்துக்குத் தக்கன மாத்திச் சொருகணும். சொருகுத இரும்புதான் முளை. இம்புட்டுதான் இருக்கும், ஒரு சாண். தலையில ஒரு வளையம். அது இல்லன்னா லாரி ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்.

அதத்தான் தொலைச்சிட்டு நிக்கான், மூதி. கேட்டா, ‘துவைக்கிற கல்லு மேல வச்சிட்டுத் தண்ணி குடிக்கப் போனேன், வந்து பாத்தா காணும்’ங்கானாம். எங்க வீட்டு முத்தத்துல! அங்கன களவாங்க ஆரு இருக்கா? நானும் கோழியுந்தான். கோழி முழுங்கிருச்சாக்கும்.

சங்கு குளிக்கப் போன பயலாம் அவன். காதுல ரத்தம் வந்து, இனி கடல்ல எறங்காதன்னு டாக்டர் சொல்லிட்டானாம். பாவப்பட்டு லாரியக் குடுத்தாக. கடலுக்கு அடியில மணலுக்குள்ள பொதஞ்சு கெடக்க சங்கு தெரியுது, கல்லு மேல வச்ச முளை தெரியல. என்ன கண்ணோ!

பொண்டாட்டி ஒருத்தி இருக்காளாம் தூத்துக்குடியில. இரும்புக்கு இப்ப இருக்க கிராக்கிக்கு அத வித்து அவளுக்குக் கம்மல் செஞ்சு போட்டிருப்பான், நான் சொல்லுதேன். நீ என்னத்துக்குக் காதத் தொடுத? உன்னச் சொல்லல, உன் காதுதான் மூளியா கெடக்கே…

இதுல இன்னொரு கூத்தக் கேளு. ‘நான் கடன் வாங்கியாவது வேற முளை அடிச்சித் தாரேன், களவாணின்னு மட்டும் சொல்லாதீங்க’ன்னு அழுதானாம். களவாங்கலன்னா எதுக்கு அடிச்சித் தரணும்? அதுலயே தெரியலியா? எங்க வீட்டுக்காரகளுக்கு அதுவும் வெளங்கல. ஒரு பனங்கட்டயச் செத்தி அந்த ஓட்டையில சொருகி வண்டிய அனுப்புனாக. ஆத்தூரு தாண்டல, பட்டுன்னு முறிஞ்சு வண்டி குப்புற விழுந்தாச்சு. ரோடெல்லாம் உப்பு. ஊரு ஆடெல்லாம் வந்து நக்கிட்டுப் போயிருக்கு. தோணி அங்கன துறைமுகத்துல காத்துக் கெடக்கு.

அப்புறம் ஆரு தலையில விடியும்? ‘மக வீட்டுலதான இருக்க, அங்கனயே ஒரு முளை அடிச்சிட்டு வா’ன்னு எனக்கு ஆள் விடுதாக. நான் பட்டற பட்டறயா ஏறி எறங்குதேன். ஒருத்தன் இரும்பே இல்லங்கான். ஒருத்தன் அளவுக்குப் பழைய முளையக் கொண்டாங்கான். பழைய முளை இருந்தா எதுக்குவே ஒம்மகிட்ட வாரேன்னு கேட்டுட்டு வந்துட்டேன். கடைசியில எபனேசர்னு ஒரு ஆளு, நான் கையக் காட்டுன அளவுக்கு அடிச்சித் தந்தான். இந்தா, மடியில இருக்க பொட்டலந்தான். வளையங்கூட வச்சிருக்கான், பாத்துக்க.

ஏ… ஏ… கூடை சரியுது, பிடி! சவத்து பஸ்சு, கெளம்பும்போதே குலுக்குதான். கொட்டிச்சா? இல்ல… சீலாமீன் குழம்பு. மாப்பிள்ளைக்கு வாங்குனதுல பாதிய எங்க வீட்டுக்காரகளுக்கு எடுத்துட்டுப் போறேன். நீ ஒண்ணும் பயப்படாத, பேய் பிசாசு எதுவும் அண்டாது, இரும்பு வச்சிருக்கேன். கரித்துண்டும் போடணும்பாக. இந்த பஸ்சுல வாரவளுக்கு அது எதுக்கு? பஸ்சே கரிதான்.

இரும்பு இல்லாம நான் கவிச்சி தூக்கவே மாட்டேன். போன வாரம் கோழி அடிச்சிக் குழம்பு வச்சேன். மக மசக்கைக்காரி, கேட்டுட்டா. வாசல்ல பஸ்காரன் பாம் பாம்ங்கான். பாக்குவெட்டியத் தேடுதேன், காணும். அருவாமனைய எங்க தூக்க? துவைக்கிற கல்லு மேல ஏதோ ஒரு இரும்பு கெடந்துச்சு. எடுத்துச் சட்டிக்குப் பக்கத்துல சொருகிட்டு ஓடியாந்தேன். இன்னும் அதேதான் கெடக்கு. இந்தா, பாரு…”

கூடையை மூடியிருந்த ஓலைக்கு அடியில் கைவிட்டு அதை எடுத்தாள். ஒரு சாண் நீளம். தலையில் ஒரு வளையம்.

சங்கரம்மாள் மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். கையிலிருந்ததைப் பார்த்தாள்.

“இது… இது வேற. பழைய இரும்பு. இரும்புன்னா எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும், இல்லியா ஏளா? எங்க முளை இத விடக் கனம். கனம்னுதான் நெனைக்கேன்… நீ என்ன அப்படிப் பாக்க? நீ ஒண்ணும் பாக்கல, நானும் ஒண்ணும் சொல்லல. சொன்ன சொல்ல இனி எப்படி மாத்த? ஊரு சிரிக்காதா? அவனுக்கென்ன, நாலு நாள்ல வெளிய வந்துருவான்… சீ, மீன் நாத்தம் பிடிச்சிருச்சு, இது இனி எதுக்கு? அங்கன வாய்க்கால் வருதுல்லா. கொஞ்சம் தள்ளு, தாயி.”

பஸ் முனகிக்கொண்டு பாலத்தில் ஏறியது. சங்கரம்மாள் மரியசெல்வியின் மேல் சாய்ந்து கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள்.

மரியசெல்வி அந்தக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். விரல்களைப் பிரித்து முளையை எடுத்தாள். அதில் ஒட்டியிருந்த குழம்பை முந்தானையால் துடைத்தாள். மடியிலிருந்த மூட்டையை அவிழ்த்து, புருஷனுடைய சட்டைக்குள் அதை வைத்துச் சுற்றி, மறுபடியும் முடிந்தாள்.