சோடியம் குடியிருக்கும் வூடு

— எத்தினி தடவ சொன்னாலும், மதி, அந்த பாட்டில்ல இருக்கிறது எனக்குக் கரியாட்டம்தான் தெரியுது.

— கரி இல்ல மாமா. சோடியம் பேட்டரிக்குள்ள வெக்கிற பொடி. கேத்தோடுன்னு சொல்லுவோம். நாளைக்குக் காலேஜ்ல இதுக்கு டெஸ்ட்டு. தேறுனாதான் எனக்கு டாக்டர் பட்டம்.

— ஒரு ஐப்பசி வெள்ளத்துல, சுரங்கத்துல மண்ணு வெட்டுற மிஷினு எருமையாட்டம் நீந்திக்கினு கரையேறுச்சு. அதும் வாலப் புடிச்சிக்கினு நானும் வந்தேன். அன்னிக்குக்கூட இவ்ளோ கறுப்ப நான் பாத்ததில்ல.

— மிஷினுக்கு ஏது மாமா வாலு?

— அப்பல்லாம் பர்மனென்ட்டா இருந்துச்சு. இப்பத்தான் வாலெல்லாம் கான்ட்ராக்ட். சரி, இந்தப் பொடியில இன்னா விசேசம்?

— நம்ம குவார்ட்டர்ஸ் மாதிரி உள்ள அடுக்கு அடுக்கா இருக்கும் மாமா. நடுவுல சோடியம் குடியிருக்கும். சார்ஜ் போட்டா வெளிய போவும், பேட்டரி ஓடும்போது திரும்பி வரும். ஆனா ஒண்ணுவிடாம வெளிய இழுத்தா அடுக்கு நழுவிச் சரிஞ்சிரும்.

— குடியிருக்கிறவனத் தொரத்துனா வூடு நிக்காது. பொடிக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல. முத்தாண்டிக்குப்பம் முதியோர் ஹோம்ல எனக்குக் கட்டில் சொல்லி வெச்சிருக்கியாமே?

— அங்க டிவி இருக்கு மாமா. ஒங்க கதைய கேக்க ஆளும் இருக்கு.

— எம்மவன் அறிவு வுடமாட்டான். அப்பா போனா நானும் போறேன்னு அடுப்படியில உன்கிட்ட சொன்னான். ரெண்டு காதாலயும் கேட்டேன்.

— சொன்னாருதான். எங்கப்பா வாய்தான் அளக்கும், ஒரு எறும்புக்குக்கூடக் கெடுதல் நெனைக்காதுன்னாரு.

— பெத்த புள்ளைக்குத் தெரியுது.

— அத விடுங்க. பாட்டில் மூடிய மட்டும் யாரும் தொடக்கூடாது மாமா. ஈரக்காத்து பட்டா சோடியம் வெளிய வந்து உப்பாப் பூத்துரும். அப்புறம் உள்ள போவாது. கண்ணால பாத்தாத் தெரியாது, டெஸ்ட்டுல வெச்சாதான் செத்துப்போச்சுன்னு தெரியும்.

— இதையேதான போன வாரமும் சொன்ன. அன்னியிலருந்து நீ காலேஜ் கெளம்புனதும் மூடியத் தெறந்து, வெந்நீர் அண்டா ஆவியில காட்டிக்கினுதான் இருக்கேன். நீ வரதுக்குள்ள தொடச்சு மூடிருவேன். கொழந்தைக்கு வேது புடிக்கிற மாதிரி.

— வெளையாடாதீங்க மாமா.

— இந்தக் கலியன் பொறந்ததுலருந்து பேசுன ஒரே நெசம் இதுதான். பட்டம் போச்சு தாயி. முத்தாண்டிக்குப்பம் கட்டில நீயே எடுத்துக்க.

— என் பொடி காலேஜ்ல பத்திரமா இருக்கு மாமா. நீங்க ஆவி புடிச்சது அடுப்புக் கரித்தூளுக்கு. என்னங்க, கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டது போதும். வந்து உங்கப்பா வேட்டிய மடிச்சுப் பெட்டியில வைங்க.