கஜபதிக்காக வாங்கிய கத்தி

பிளேடு போடும் சவரக்கத்தி வாங்கப் போனால் முதலில் கீலைப் பாருங்கள் ஐயா. பிடியின் பளபளப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கத்தியை விரித்து ஒரு விரலில் தாங்கி லேசாக ஆட்ட வேண்டும். தொளதொளவென்று ஆடினால் கடைக்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அசையாமல் இறுகிக் கிடந்தாலும் வேண்டாம். கன்னம் வளைகிற இடத்தில் தானாக வளைந்து கொடுக்கிற கத்திதான் நமக்கு ஆகும்.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டது சாட்சிக்காக. பஸ் ஸ்டாண்டு சலூன் நாகேந்திரன் ஆளுக்கு ஆள் பிளேடு மாற்றினானா இல்லையா என்று தொழிலில் மூத்தவனாகிய நான் சொல்ல வேண்டும். மாற்றினான். அவன் கையில் ஒரு பிளேடு இரண்டு முகத்தைப் பார்த்ததில்லை. ரைட்டர் ஐயா அதை முதலில் எழுதிக்கொள்ளட்டும். மீதியை நிதானமாகச் சொல்கிறேன். இன்று செவ்வாய்க்கிழமை, எங்களுக்கு விடுமுறை.

என் பெயர் தங்கவேல். வயது அறுபத்தேழு. திருத்தணி மலையடிவாரத்தில் ஒற்றை நாற்காலி போட்டுக் கடை வைத்திருக்கிறேன். என் கையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு ஆடிக் கிருத்திகைக்குப் பள்ளிப்பட்டிலிருந்து ஒருவர் வந்தார். முந்நூற்று அறுபத்தைந்து படியையும் ஓர் இடத்தில்கூட நிற்காமல் ஏறுவதாக வேண்டுதல். மொட்டை போட மறந்துவிட்டு ஏற ஆரம்பித்துவிட்டார். நான் அவருக்கு முன்னால் பின்பக்கமாகவே படியேறிக்கொண்டு மழித்தேன். இருநூறாவது படியில் தலை முடிந்தது. மீதிப் படிகள் வீணாகக் கூடாதென்று மீசையையும் எடுத்துவிட்டேன். அவர் கேட்கவில்லைதான். நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நடந்ததைச் சொன்னேன்.

கஜபதி நெசவுக்காரன். இருபத்தெட்டு வருடமாகச் சனிக்கிழமை சாயங்காலம் என் நாற்காலியில்தான் உட்காருவான். உறவு எதுவும் கிடையாது. அவன் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், அதனால் என்னை பாவா என்பான், நானும் பாவா என்பேன். யார் யாருக்கு அக்காள் புருஷன் என்று இருவருமே விசாரித்ததில்லை. என் மனைவி அம்சா இறந்த பதினோராம் நாள் சனிக்கிழமையாக அமைந்தது. கடை திறந்திருக்காது என்று தெரிந்தும் வந்து, வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனான். ஒருவன் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, தொண்டையை உங்கள் கத்திக்குக் கொடுக்கிறான். வாரா வாரம் கொடுக்கிறான். அதற்கு மேல் ஒரு நம்பிக்கை இந்த உலகத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் தை மாதத்திலிருந்து அவன் வருவது குறைந்தது. தறியில் வேலை அதிகம் என்றான். ஆனால் தெருவில் பார்க்கும்போதெல்லாம் முகம் மழமழவென்று இருந்தது. மருமகன் ஒரு சேப்டி ரேசர் வாங்கிக் கொடுத்திருக்கிறான், நானே பண்ணிக்கிறேன் பாவா என்றான். நம்பினேன்.

பங்குனியில் அவனே வந்து, நீயும் பிளேடு போடுற கத்தி ஒன்று வாங்கிவிடு என்று பிடிவாதம் பிடித்தான். என் அப்பா காலத்துக் கத்தியைத் தோல் வாரில் தீட்டித்தான் எனக்குப் பழக்கம். அவன் விடவில்லை. ஒரு திங்கட்கிழமை தறியை நிறுத்திவிட்டு, அரக்கோணம் வழியாக ரயிலில் என்னைப் பட்டணத்துக்கு அழைத்துப் போனான். பாரிமுனைக்குப் பின்னால் ஒரு சந்து, எங்கள் தொழில் சாமான் மட்டும் விற்கிற கடை. கடைக்காரர் மூன்று கத்தியை எடுத்து வைத்தார். நான் கீலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கஜபதி இரண்டாவதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தான்.

"இது வாணாம் பாவா. இதுல பிளேடு ஓரத்துல தூக்கிக்கினு நிக்கும். தாடைக்குக் கீழ வர்றப்போ புடிச்சி இழுக்கும். அந்தா, நாக்காட்டம் இருக்கற தகட்டத் தள்ளி பிளேடு போடுறாங்களே, அது வாங்கு. இருக்கறதே தெரியாது."

கடைக்காரர் அவனைப் பார்த்து, பெரியவருக்கு எத்தனை வருட சர்வீஸ் என்று கேட்டார். அவன் சிரித்து, நான் நெசவு, தொழில்காரர் அவர்தான் என்று என்னைக் காட்டினான்.

ஐயா, சேப்டி ரேசரில் நாக்கு கிடையாது. தாடைக்குக் கீழே எது இழுக்கும், எது இழுக்காது என்று ஒரு நெசவுக்காரனுக்குத் தெரிய வேண்டுமானால், அந்தக் கத்தி அவன் தாடைக்குக் கீழே போயிருக்க வேண்டும். எங்கள் ஊரில் அந்த மாதிரிக் கத்தி ஒரே கடையில்தான் இருந்தது. மூன்று மாதமாக அவன் நாகேந்திரனுக்குக் கழுத்தைக் கொடுத்துவிட்டு, என்னிடம் மருமகன் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவன் காட்டிய கத்தியையே வாங்கினேன். அது நல்ல கத்திதான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். திரும்பும்போது வேர்க்கடலை வாங்கி, தோலை ஊதி ஊதி என் கையில் போட்டான். சனிக்கிழமை மொத முகம் என்னுது பாவா என்றான். ஆகட்டும் என்றேன்.

அதற்கு முந்தின மாதம் ஒரு டாக்டரம்மா வந்து, மலையில் மொட்டை போடுகிற எங்களையெல்லாம் உட்காரவைத்துப் பேசியிருந்தார். மஞ்சள் காமாலையில் ஒரு வகை ரத்தத்தின் வழியாகப் போகும், ஒருவருக்குப் போட்ட பிளேடை இன்னொருவருக்குப் போட்டால் ஒட்டிக்கொள்ளும், காய்ந்த ரத்தத்திலும் அது சில நாள் உயிரோடு இருக்கும் என்றார். நல்ல அம்மா. எங்களுக்குப் புரியும்படி இரண்டு தடவை சொன்னார். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். நான் கவனமாகக் கேட்டேன்.

கனகம்மாசத்திரத்தில் மாட்டுத் தரகர் ஒருவர் அதே காமாலையில் படுத்திருந்தார். கண் மஞ்சளரைத்துப் பூசியது போல இருக்கும். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்குப் போய்ச் சவரம் செய்வது எங்கள் வழக்கம். வியாழனும் வெள்ளியும் போனேன். புதுக் கத்தியின் முதல் முகம் அவருடையதாகிவிட்டது. பிளேடை இரண்டாக ஒடித்து, இரண்டு நாளில் ஆறு பாதி போட்டேன், ஒவ்வொன்றிலும் அவருக்கு ஒரு சின்னக் கீறல் விழும்படி பார்த்துக்கொண்டேன். அவர் பாவம், என் கஷ்டத்துக்கு வருத்தப்பட்டு, வயசாச்சி இல்ல, மெதுவா பண்ணு என்றார்.

நாகேந்திரனின் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். காலையில் புது பிளேடுகளைச் சுற்றியிருக்கும் தாளோடு சேர்த்து இரண்டாக ஒடித்து, அந்தப் பாதிப் பொட்டலங்களை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு வைப்பான். நாற்காலியில் ஆள் உட்கார்ந்ததும் அவர் கண்ணெதிரே ஒன்றைப் பிரித்துக் கத்தியில் மாட்டுவான். வருகிறவர்கள் தாள் பிரிவதைப் பார்த்தால் போதும், கண்ணை மூடிக்கொள்வார்கள். பிளேடை யாரும் பார்ப்பதில்லை. நான் என் ஆறு பாதி பிளேடையும் கழுவாமல், அதனதன் தாளிலேயே மறுபடி மடித்து வைத்தேன். நெசவுக்காரன் மடித்த புடவை மாதிரி இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவன் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். மரியாதை தெரிந்தவன்.

"வாங்க நைனா. நம்ம கடைக்கெல்லாம் நீங்க வர்றீங்களா. குந்துங்க, டீ வாங்கியாறேன்" என்று அவனே எதிர்க்கடைக்குப் போனான்.

ஜாடியின் மேலே இருந்த ஆறு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு என் ஆறை வைத்தேன். எண்ணிக்கை குறைந்தால் அவன் கலவரப்படுவான். டீ நன்றாக இருந்தது.

அதன் பிறகு என் கடையைப் பூட்டினேன். ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். கஜபதிக்கு நான் ஒரு சந்தர்ப்பம் கொடுத்தேன். உண்மையான சிநேகிதனாக இருந்தால், என் கடைப் பூட்டைப் பார்த்துவிட்டுத் தாடியோடு வீட்டுக்குப் போயிருப்பான். அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எவ்வளவு சுலபம் பாருங்கள்.

நாகேந்திரன் கடைக்கு எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் ஒரு பஸ் கண்டக்டர். அப்புறம் திங்கட்கிழமை மலையில் தாலி கட்டவிருந்த மாப்பிள்ளைப் பையன் இளங்கோவன், நாகேந்திரன் மேல் உங்களிடம் புகார் கொடுத்தவரின் மகன். அவனோடு எனக்கு எந்த விரோதமும் கிடையாது. மூன்றாவது யாரோ வெளியூர்க்காரர். இருட்டுகிற நேரத்தில் கஜபதி வந்தான். உள்ளே போனான். நாற்காலியில் சாய்ந்தான். நாகேந்திரன் பொட்டலத்தைப் பிரித்தான். கஜபதி கண்ணை மூடினான். என்னிடம் மூடுகிற மாதிரியே மூடினான் ஐயா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவனுக்குப் பின்னால் வந்த இரண்டு பேரை நான் சரியாகப் பார்க்கவில்லை, மனசு சரியில்லை.

இரண்டரை மாதம் ஆயிற்று. ஆறு பேரில் மூன்று பேருக்குக் கண் மஞ்சளானது. கண்டக்டர் பிழைத்துக்கொண்டார். மாப்பிள்ளைப் பையன் பிழைக்கவில்லை. கஜபதி படுக்கையில் விழுந்ததும் எனக்கு ஆள் அனுப்பினான், சவரம் செய்துவிட வேண்டுமாம். போனேன். புதுக் கத்தியை எடுத்தேன், அவன் கண்ணெதிரே புது பிளேடு பிரித்தேன். உண்மையாகவே புதுசு.

"கோவமாக்கீறியா பாவா?"

"எனக்கு இன்னா கோவம்."

"நானு உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"பேசாதே, அசைஞ்சா பட்டுடும்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டான். இருபத்தெட்டு வருடத்தில் அவ்வளவு நல்ல சவரம் அவனுக்கு நான் செய்ததில்லை. எட்டாம் நாள் போய்விட்டான். கடைசிச் சவரமும் நான்தான். அவன் வேறு யாரிடமும் போகவில்லை.

காரியத்தன்று அவன் மனைவி கன்னியம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் சொன்னதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் மறைக்கவில்லை.

"உங்க கை நடுங்குதுண்ணா. ரெண்டு வாட்டி காதுகிட்ட வெட்டிடுச்சி. சொன்னா நீங்க ஒடிஞ்சிபூடுவீங்கன்னு சொல்லவேயில்ல. பிளேடு கத்தின்னா கை ஆடினாலும் ஆழமா வெட்டாதான்னு அந்த நாகேந்திரன் கடையில உக்காந்து பாத்து, எது இழுக்கும் எது இழுக்காதுன்னு கேட்டுகினு வந்துதான் உங்கள பட்டணத்துக்கு இட்டுகினு போனாரு. அந்த சனிக்கிழம உங்க கடை வாசல்ல ஒரு மணி நேரம் நின்னாரு. இனிமே உங்ககிட்டதான்னு மருமவன் குடுத்த ரேசரையும் திருப்பிக் குடுத்துட்டாரு. மறுநாள் பேத்திக்குக் காது குத்து. வேற வழியில்லாமதான் அங்க போனாரு. இதச் சொல்லத்தான் உங்களக் கூப்ட்டனுப்பிச்சாரு. நீங்க பேச வுடலியாம்."

துக்கத்தில் இருப்பவர்கள் ஏதாவது சொல்வார்கள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. புருஷன் துரோகம் செய்துவிட்டான் என்று எந்தப் பெண் ஒத்துக்கொள்வாள். ஒரு மணி நேரம் நின்றானாம். நிற்பது பெரிய காரியமா.

ஆகவே நாகேந்திரனை விட்டுவிடுங்கள். ஜாடியில் வைத்தது நான். கஜபதியைக் கொன்றதும் அந்தப் பையனைக் கொன்றதும் நான்தான், சுயநினைவோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல். ரைட்டர் ஐயா படித்துக் காட்டியது அத்தனையும் சரி. கையெழுத்துத்தான் கொஞ்சம் கோணலாக விழுந்திருக்கிறது. மூன்று தடவை போட்டும் அப்படியே வருகிறது. இந்தப் பேனா சரியில்லை ஐயா, வேறு கொடுங்கள்.