வெயில் காலத்து ஈரம்

மழையே இல்லாத கோடையில் ஒரு சுவர் ஈரமாவதும், வாரக்கணக்கில் மழை பெய்யும் குளிர்காலத்தில் அதே சுவர் காய்ந்துவிடுவதும் ஏன் என்று எனக்கு ஆறு வருடம் புரியவில்லை. திர்சா லக்ஸ்டனின் வீட்டு வடக்குச் சுவரில், உள்பக்கம், முழங்கால் உயரத்தில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு அந்தக் கறை இருந்தது. ஜூனில் வரும், அக்டோபரில் போய்விடும்.

சார்ஜென்ட், வறட்சியால் மண் சுருங்கிச் சுவர் விழுந்தது என்று உங்கள் நிபுணர் அறிக்கை எழுதியிருக்கிறார். அது தவறு. அதைப் படித்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அதனால்தான் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

டெவனில் எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் மண்ணால் ஆனவை. மண்ணில் வைக்கோலைப் போட்டு, மாடு விட்டு மிதித்து, கவைக்கோலால் அள்ளி வைப்பார்கள். இரண்டடி உயரம் காய்ந்த பிறகுதான் அதற்கு மேல் அடுத்த அடுக்கு, படை என்போம். அடியில் இரண்டடிக்குக் கல்கட்டு இருக்கும். தரையின் ஈரம் மண்ணைத் தொடாமல் தடுப்பது அதுதான். இப்படிக் கட்டிய சுவர் ஐந்நூறு வருடம் நிற்கும். உள்ளே போன கொஞ்ச ஈரம் வெயிலில் வெளியேறிவிடும். மேலே சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. திர்சாவின் மறைந்த கணவர் பெர்சி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநாலில் பூசினார். சுத்தமாகத் தெரியும் என்று அந்த வருடங்களில் ஊரில் பாதிப் பேர் பூசினார்கள்.

நான் ஹாலக்கூம் வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர். ஊரின் கட்டடங்களைப் பற்றிய சிறு நூலை எழுதியவனும் நான்தான். திர்சாவின் வீடு ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூறுகளில் ஊரார் கூடி பீர் காய்ச்சிக் குடித்த தேவாலயக் கூடம் என்பது என் முடிவு. பீப்பாய் உருட்டும் அளவுக்கு அகலமான வாசல் ஒன்று வடக்குச் சுவரில் இருந்து, பிறகு அடைபட்டிருக்க வேண்டும். மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த பழங்கட்டட அதிகாரி மிஸ் ப்ரவுஸ் இதைச் சங்கக் கூட்டத்தில், எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: "அந்த வாசல வேற யாராவது பாத்திருக்காங்களா மிஸ்டர் யெலண்ட், இல்ல நீங்க மட்டும்தானா?" சுவர் ஆயிரத்து அறுநூற்று ஐம்பதுக்கு முந்தியதாக இருக்காது என்றும் சொன்னார். பின்வரிசையில் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் மதுக்கடைக்குள் நுழைந்தாலே கடைக்காரர் ஹக்ஸ்டபிள் கிளாஸைத் துடைத்துக்கொண்டு சொல்வார்: "வாங்க லெனார்ட். அந்த வாசல் கெடச்சா சாத்திட்டு வாங்க, குளிர் காத்து அடிக்குது."

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று தடவை அந்தச் சுவரைத் தாண்டி நடந்தேன். சாப்பிடும்போது எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சாப்பாட்டைத் தொடர்வேன். சிமெண்டைப் பெயர்த்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஆனால் அது பாதுகாக்கப்பட்ட கட்டடம். உரிமையாளர் விண்ணப்பிக்காமல் ஒரு ஆணி அடிப்பதும் குற்றம். ஊரில் அந்தச் சட்டத்தை மீறியவர்கள் பற்றிப் புகார் எழுதுகிறவனே நான்தான்.

திர்சாவிடம் பல தடவை கேட்டேன். அவருக்கு எழுபத்தொன்பது வயது, பேச்சு மட்டும் கூர்மை. "என்ன லென், மறுபடி என் சொவத்த மோந்து பாக்க வந்தியா?" என்பார். கதவுக்குப் பக்கத்தில், சிமெண்ட் காயும் முன் பெர்சி தன் உள்ளங்கையை அழுத்தியிருந்தார். அதைக் காட்டிச் சொல்வார்: "ஒன் வாசலுக்காக என் புருஷன் கையப் பேத்தெடுக்கணுமா? போ, கேக் சாப்பிடு." கேக் நன்றாக இருக்கும்.

தொண்ணூற்றுநாலு ஜூனில் ஒரு மதியம், பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தொட்டியோடு தூக்கி வந்து, சுவரோரத்து அவரைக்கொடிக்கு அவர் ஊற்றுவதைப் பார்த்தேன். குளிர்காலத்தில் அவரை கிடையாது. தண்ணீர் சாக்கடைக்குப் போகும். கறையின் காரணம் அவ்வளவுதான். சொன்னால் அன்றே நிறுத்தியிருப்பார். சொல்லத்தான் வாய் திறந்தேன். ஆனால், "டேலியா வளர்த்துப் பாருங்களேன், திர்சா" என்று கேட்டேன்.

ஆகஸ்ட் மலர்க்காட்சியில் அவர் இருபது வருடமாக மூன்றாம் பரிசுக்கு மேல் போனதில்லை. அது அவருக்கு உறுத்தல். அடுத்த மே மாதம் கிழங்குகள் நான் கொடுத்தேன். முழங்கால் வலிக்கிறவர் குனிய வேண்டாம் என்று சுவரை ஒட்டி மேடான பாத்தியும் கட்டிக் கொடுத்தேன். பதினொரு தள்ளுவண்டி மண். அது கல்கட்டுக்கு மேல் அரையடி ஏறி நின்றது. வேலை செய்யும்போது என் கை சுவரில் படவில்லை.

அந்தக் கோடையில் மழை இல்லை. குழாய் வைத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடத் தடை வந்தது. அதையும் நான் மீறவில்லை. என் கிணற்றிலிருந்து காலையில் இரண்டு வாளி, மாலையில் இரண்டு வாளி தூக்கிப் போனேன். "பத்து வருஷம் முன்னாடி இப்படி வந்திருந்தா ஒன்னையே கட்டிருப்பேன்" என்றார் திர்சா. பூக்கள் குழந்தையின் தலை அளவுக்கு வந்தன.

ஆகஸ்ட் நடுவில் சிமெண்டில், பாத்திக்கு மேலே இடுப்பு உயரத்தில், குறுக்காக ஒரு விரிசல் ஓடியது. அதற்குக் கீழே சுவர் லேசாகப் புடைத்திருந்தது. உள்ளே, அந்த இடத்தை ஒட்டித்தான் அவருடைய நாற்காலி. தினமும் நாலு மணிக்கு அங்கே உட்கார்ந்து டீ குடிப்பார், ரேடியோ கேட்பார். காட்சியில் முதல் பரிசு வாங்கி வந்த சனிக்கிழமை என்னிடம் கேட்டார்: "இந்த நாற்காலிய அந்தப் பக்கம் தள்ளிப் போடட்டுமா லென்? சொவரு ஜில்லுனு இருக்கு."

"இந்த வெயிலுக்கு ஜில்லுனு இருக்கறது நல்லதுதானே" என்றேன்.

அந்தப் பதிலைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். அதில் பொய் எதுவும் இல்லை. நாற்காலி இடம் மாறினால் அதன் பின்னால் பெரிதாகிவிட்ட கறை தெரியும், யாரையாவது கூப்பிட்டுக் காட்டுவார்.

செவ்வாய்க்கிழமை நாலு இருபதுக்கு விழுந்தது. நான் வேலிக்கு வெளியே நின்றிருந்தேன். சத்தம் பெரிதாக இல்லை. ஊறிய அடிப்பகுதி பாத்தியின் மேல் கூழாக வழிந்தது. மேல் பாதியும் உத்தரமும் மாடித் தளமும் உள்ளே இறங்கின. சிமெண்ட் பாளமாகவே கழன்றது, பெர்சியின் கை உடையாமல் கிடந்தது. இரண்டு பக்கமும் நின்ற சுவரில் படைகள் கேக் வெட்டியது போலத் தெரிந்தன. அளந்தேன், பதினான்கு படம் எடுத்தேன். மண்ணுக்கு அடியில் ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. முதல் ஐந்து நிமிடம் வேறொரு சத்தமும் இருந்தது. வேலை முடிய பதினொரு நிமிடம் ஆயிற்று. பிறகு ஓடிப் போய் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

வாசல் இல்லை. ஒரே மண், ஒரே காலத்தில் கட்டியது. மிகக் கீழ்ப்படையில், வைக்கோலோடு மிதிபட்டு, புகையிலைக் குழாயின் துண்டு ஒன்று இருந்தது. வெள்ளைக் களிமண், சுண்டுவிரல் நீளம். ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூறுகளில் இங்கிலாந்தில் யாரும் புகையிலை பிடித்ததில்லை. மிஸ் ப்ரவுஸ் சொன்னது சரி. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இப்போது உங்கள் மேசை மேல் வைத்திருக்கிறேன், மிஸ் ப்ரவுஸுக்குக் காட்ட வேண்டாம்.

அறிக்கையில் இப்படித் திருத்துங்கள். காரணம் வறட்சி அல்ல. கல்கட்டுக்கு மேல் அரையடி ஏறிய பாத்தி மண், வெளியேற வழி விடாத சிமெண்ட், மே இருபது முதல் ஆகஸ்ட் இருபத்தொன்பது காலை வரை நானூற்று ஆறு வாளி தண்ணீர். ஊற்றியது நான். சுவரை நான் தொடவே இல்லை என்பதையும் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள்.