பைப்புல கட்டுன கல்யாண வேட்டி

புதுக்கோட்டை பஸ்ஸுல செம கூட்டம். முன்சீட்டு அக்கா அவங்க அண்ணன்கிட்ட சொன்னதக் கேட்டதும் ஹெட்செட்ட கழட்டிட்டேன்.

"எங்க வீட்டுக்காரரு கல்யாண வேட்டிய மொட்டமாடி பைப்புல கட்டிட்டாருண்ணே."

"மாப்ளைக்கு என்னாச்சு?"

"மழைநீர் தொட்டி சரியில்லன்னா புது வீட்டுக்கு சர்டிபிகேட் கிடையாதுல்ல. தொட்டி கட்டுனோம், ஃபில்டர மறந்துட்டோம். நேத்து ஆபீசர் செக்கிங் வந்துட்டாரு."

"போச்சு. வெள்ளிக்கிழம பால் காய்ச்சணுமே."

"நானும் பயந்துட்டேன். இவரு ஓடிப்போயி ஃபில்டருக்குப் பதிலா வேட்டியக் கட்டுனாரு. நல்லவேளை, அந்நேரம் மழை புடிச்சுச்சு. வேட்டியில வடிஞ்ச தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஆபீசர் ஒரு டம்ளர் குடிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போட்டாரு. இப்ப இவரு அத கழட்டித் தொவைக்கிற மாதிரி வளையம் வச்சுத் தைக்கிறாரு. தெருவுல நாலு வீட்டுல எங்களுக்கும் ஒண்ணு வேணும்னு கேட்டுட்டாங்க."

"அப்ப வெள்ளிக்கிழம மாப்ள எதக் கட்டுவாரு?"

"ஒங்க வேட்டியத்தான். அதுக்குத்தான் கூட்டிட்டுப் போறேன்."