பட்டியல்ல வராத ஏழு நண்டு

சின்னதா ஒரு கதை சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் என்கூட சண்டை போடுங்க. சினை நண்டைத் திரும்பக் கடல்ல விடணும்னு நான் சொன்னதும் பாதிப் பேருக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு... பார்த்துட்டுத்தான் இருக்கேன்.

நம்ம தெரசாக்கா மகன் கஸ்பார், ஸ்காட்லாந்துல நண்டு பிடிக்கிற போட்டுல வேலைக்குப் போனான். போட்டு ஓனர் ஒரு அம்மா, மோராக்னு பேரு. மூணு மாசம் பார்ப்பேன், சரிப்பட்டா வச்சுக்குவேன்னுட்டா. தங்கச்சி படிப்பு இவனை நம்பித்தான் இருக்கு.

அந்தத் துறைமுகத்துல ஒரு போர்டு. ஐரோப்பாவுல எந்த நாடு எத்தனை டன் நண்டு பிடிச்சதுன்னு வருசா வருசம் ஒட்டுவாங்க. பக்கத்து நாடு ஏறிட்டே போகுது, இவங்க இறங்கிட்டே வர்றாங்க. நம்மாளுக்கு ரோசம் வந்துருச்சு. யாரு நாட்டுக்கோ இவனுக்கு ரோசம்... நம்மூர்க்காரன் அப்படித்தானே?

மறுநாள், நண்டு பிடிக்கக் கடல்ல இறக்கியிருந்த கூட்டைத் தூக்குனா, வயித்துல முட்டையோட ஏழு நண்டு. நம்ம என்ன செய்வோம்? கூட விலை போகும்னு ஈரச்சாக்கு போட்டு மூடித் தனியா வைப்போம்ல? அதையே செஞ்சான். போட்டு கரைக்குத் திரும்பையில, பெருமையாச் சாக்கை விலக்கிக் காட்டினான்.

அந்தம்மா கத்தல. இது கரையேறினா என் லைசென்ஸ் போயிரும்னு மட்டும் சொன்னா. கஸ்பார் வேலை போச்சுன்னே நினைச்சான்.

அவ போட்டைத் திருப்பினா... ஒரு மணி நேரம், டீசலை எரிச்சுக்கிட்டு, பிடிச்ச இடத்துக்கே. நீயே விடுன்னா. ஒவ்வொண்ணா விட்டான். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டானாம், பட்டியல்ல நாம இறங்குறோமே, உங்களுக்கு வருத்தமில்லையான்னு.

"அந்த நாட்டுக்காரங்க கூட்டை ரெண்டு மடங்கு ஆக்கிட்டாங்க, அதான் ஏறுது. ஒரு கூட்டுக்கு எத்தனை நண்டுன்னு அந்த போர்டு சொல்லாது, கஸ்பார். எங்கப்பா காலத்துல கூட்டுக்கு நாலு. இப்ப ஒண்ணு. நீ விட்ட ஏழும் எந்தப் பட்டியல்லயும் வராது. ஆனா நாலஞ்சு வருசம் கழிச்சு நீ தூக்குற கூட்டுல அதோட பிள்ளைங்கதான் இருக்கும்."

நாலஞ்சு வருசம் கழிச்சு... நீ தூக்குற கூட்டுல! அப்பத்தான் தன் வேலை போகலைன்னு அவனுக்கு விளங்குச்சு.

போன வருசம் நம்மளும் டன் கூடிருச்சுன்னு பட்டாசு போட்டோம். வலை எத்தனை கூடுச்சு? சொல்லுங்க. நாளைக்கு ஈரச்சாக்கை எடுக்கும்போது ஒண்ணே ஒண்ணு யோசிங்க. நாலஞ்சு வருசம் கழிச்சும் உங்களுக்கு இந்தத் தொழில் வேணுமா? வேணும்னா, சாக்கை வச்சுட்டு நண்டை விடுங்க.