முகத்துவாரத்தில் அறுத்த கயிறு

பிச்சைக்கண்ணு: பார்த்தியளா வைத்தி சார், நூகண்ணாச்சி இன்னைக்கும் விரலை நனைச்சுக் காத்துல காட்டிட்டுத்தான் கடைக்குள்ள வாராவ. டீ குடிக்கதுக்குக் காத்து எந்தப் பக்கம் அடிச்சா என்ன...

நூகு: வடகிழக்கு. நீ டீயைப் போடு வே.

வைத்தீஸ்வரன்: ஓய் நூகு, லாரிக்காரன் வாசல்ல நிக்கறான். நம்ம படகுக்குப் பெயிண்ட் அடிச்சு ஏத்தியாச்சு. எங்க இறக்கணும்னு கேக்கறான். புன்னக்காயல் கடலா, கடம்பாகுளமா?

நூகு: குளம்.

வைத்தீஸ்வரன்: யோசிக்கக்கூட இல்லையே.

நூகு: வெள்ளம் வந்த வருசத்துக்கு அப்புறம் இப்பத்தான் குளம் கரை தொட்டு நிக்கி. அலை கிடையாது. கவுந்தாலும் எந்திரிச்சு நின்னா இடுப்பளவு தண்ணி.

வைத்தீஸ்வரன்: இடுப்பளவு தண்ணிக்குப் பாய்மரம் எதுக்கு? பனை மறைவுல பாய் தொங்கிப் போறது, மறைவு தாண்டினா திடீர்னு காத்து ஒரு அடி அடிக்கறது. சித்திரையில வெறும் சேறு. கடல்ல மத்தியானக் காத்து சீரா வரும் ஓய்.

நூகு: காத்து சீராத்தான் வரும். ஆத்துத் தண்ணியும் அலையும் முட்டுத முகத்துவாரம் சீரா இருக்காது. நம்ம படகு ரெண்டு பேர் உக்காந்தா நிறைஞ்சு போகும்.

பிச்சைக்கண்ணு: காயல்பட்டணத்துல கடலைப் பார்த்துப் பொறந்தவுக பேசுத பேச்சா இது? போன மாசம் நீங்க ரெண்டு பேரும் போனப்போ அண்ணாச்சி அங்கன பாய்க்கயித்தை அறுத்துட்டுத் திரும்பினதைக் கரையில நின்னவுக பார்த்திருக்காவ. பயந்துதான் அறுத்தாவன்னு சார் சொன்னதுல இருந்து அவுகளுக்குக் ‘குளத்துக் கப்பித்தான்’னு பேரு...

நூகு: இருந்துட்டுப் போகட்டும்.

வைத்தீஸ்வரன்: ஒரு குளத்து நாரை கடலுக்கு மீன் பிடிக்கப் போச்சாம். அலை வந்தா பின்னால, அலை போனா முன்னால. சாயங்காலம் வரைக்கும் நடைதான். ஊருக்கு வந்து, கடல்ல மீனே கிடையாதுன்னு சொல்லித்தாம்.

பிச்சைக்கண்ணு: நல்ல நாரை சார்.

நூகு: சிரிச்சாச்சா? லாரியைக் குளத்துக்கு விடச் சொல்லும்.

வைத்தீஸ்வரன்: நீர் வரவேண்டாம். நாளைக்கு நான் கடலுக்குத் தனியாப் போறேன்.

நூகு: தனியாவா...

வைத்தீஸ்வரன்: தனியாத்தான்.

நூகு: பிச்சைக்கண்ணு, லாரிக்காரனுக்கு ஒரு டீ கொண்டு போ. பைய வந்தாப் போதும்.

பிச்சைக்கண்ணு: என்னமோ ரகசியம்... போறேன், போறேன்.

நூகு: வைத்தி... அன்னைக்கு முகத்துவாரத்துல நடந்தது உமக்கு என்ன ஞாபகம் இருக்கு?

வைத்தீஸ்வரன்: பெரிய அலை. நீர் பயந்து கயித்தை அறுத்தீர்.

நூகு: அலை பெருசு இல்ல. உம்ம கண்ணு மேல செருகிட்டு. கையும் காலும் வெட்டி இழுத்துது. குளத்துப் பழக்கம், பாய்க்கயித்தைக் கையில சுத்தி வச்சிருந்தீர். கடல்ல லேசாத்தான் பிடிக்கணும், காத்து ஏறினா விட்டுரணும். நீர் விழவும் கயிறு இறுகி, படகு ஒரு பக்கமாச் சாஞ்சிட்டு. அவுக்க நேரமில்ல. அறுத்தேன்.

வைத்தீஸ்வரன்: இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கலை?

நூகு: உமக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். உம்ம வீட்டுல ஜயலக்ஷ்மியம்மா காதுல விழுந்தா உம்மைத் தண்ணிப் பக்கமே விடமாட்டாவ. அதுக்கு நான் பயந்தவனாவே இருந்துட்டுப் போறேன். ஆனா நீர் தனியாப் போனா... கயித்தை அறுக்க ஆள் இல்ல வைத்தி.

வைத்தீஸ்வரன்: பிச்சைக்கண்ணு, இங்க வாரும். லாரிக்காரனையும் கூப்பிடும்.

பிச்சைக்கண்ணு: வந்தாச்சு. குளமா சார், கடலா?

வைத்தீஸ்வரன்: புன்னக்காயல். நூகு குளம்னு நின்னது எனக்காகத்தான். படகை நூகு ஓட்டட்டும், துணைக்கு அந்த ஊர் ஆள் ஒருத்தர் ஏறட்டும். நான் கரையில நிக்கறேன். அவர் பயந்து கயித்தை அறுத்தார்னு இந்த பெஞ்சுல உக்காந்து நான் சொன்னது பொய். வலிப்பு வந்து விழுந்தது நான். கரை சேரறதுக்கு முன்னாலயே எனக்கு நினைவு வந்துடுத்து ஓய். நூகு ஓதிண்டே துடுப்புப் போட்டதைக் கேட்டுண்டு, கண்ணை மூடிண்டு கிடந்தேன். அன்னைக்குச் சிரிச்சவா எல்லார்கிட்டயும் நானே சொல்றேன்... முதல்ல வீட்டுக்குப் போய் ஜயாகிட்ட.