எடுத்து வைத்த ஸ்டென்ட்

— முழங்காலுக்குக் கீழே எடுத்துடலாம்னு எவ்வளவு சுலபமா சொல்லிட்டீங்க டாக்டர்! என் புருஷன் காலு என்ன மரவள்ளியா, வெட்டிப்போட்டா மறுபடி முளைக்க?

— லோசெனா அக்கா, உட்காருங்க முதல்ல. காலுக்குப் போற ரத்தக்குழாய் தொடையிலேயே அடைச்சுக்கிடக்கு. கீழே ரத்தமே சரியா இறங்கலை. ரெண்டு விரல் கறுத்துப்போச்சு. இப்படியே விட்டா சீழ் மேலே ஏறிடும். அப்புறம் உயிருக்கே ஆபத்து.

— அடைச்சா திறங்க! சாக்கடை அடைச்சா குத்தித் திறப்போமா, வீட்டையே இடிப்போமா?

— விடு லோசெனா. வெட்டட்டும். படுத்தா வலி உயிர் போகுது. காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டு உட்கார்ந்தே தூங்குறேன். என்னால முடியலை.

— நீ சும்மா இரு நெமானி! ஒத்தக் காலோட எப்படிப் படகுல ஏறுவே? வலையை யாரு இழுப்பா? டாக்டர், எனக்கும் நாலு விஷயம் தெரியும். தொடை வழியா கம்பியை விட்டு, அடைப்பைத் திறந்து, உள்ளே ஒரு சின்ன வலைக்குழாய் வைப்பாங்களாமே! எங்க போதகரோட தங்கச்சிக்கு சுவா நகரத்துப் பெரியாஸ்பத்திரியில வச்சாங்க. இப்ப சந்தையில கூடை தூக்குறா.

— ஸ்டென்ட். ஆமா அக்கா. ஆஸ்திரேலியாவிலேருந்து வந்திருக்கிற டாக்டருங்ககிட்ட இவர் படத்தைக் காட்டினேன். வைக்கலாம்னுதான் சொன்னாங்க.

— வைக்கலாமா? தெரிஞ்சுக்கிட்டேவா கத்தியைத் தீட்டுறீங்க?

— அவங்க கொண்டுவந்ததுல இவருக்கு ஒத்துவர்ற அளவுல ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். அதை வேற ஒருத்தருக்குன்னு எடுத்து வைக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு. அந்த டாக்டருங்க அடுத்த தடவை வர்ற வரைக்கும் இந்தக் காலு தாங்காது.

— அந்த ஒருத்தருக்கும் விரல் கறுத்துப்போச்சா?

— இல்லை. நடந்தா கெண்டைக்கால் வலிக்கும், நின்னா சரியாயிடும். மாத்திரையிலேயே சமாளிக்கலாம். நானும் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். யாரும் காதுல வாங்கலை.

— ஐயோ பாவம், நடந்தா வலிக்குதாமே! இவருக்குப் படுத்தாலே வலிக்குதுய்யா! யாரு அந்த ஆளு? சொல்லமாட்டீங்க. எனக்கே தெரியும். வாசல்ல எங்க ராத்துவோட வண்டி நிக்குதே.

— வாயை மூடு லோசெனா! ராத்து நம்ம குலத்தலைவரு. அவரைப்போய் இப்படிப் பேசலாமா? எங்கப்பா அவர் முன்னாடி நிமிர்ந்துகூட நின்னதில்லை.

— உங்கப்பாவுக்கு ரெண்டு காலும் இருந்துச்சு, குனிஞ்சு நின்னாரு. நீ எதுல நிப்பே?

— அக்கா, மெதுவா...

— ஏன் மெதுவா? ராத்து மகன் கல்யாண விருந்துக்கு மீன் பிடிக்கப் போனது யாரு? இந்த நெமானிதான். இறங்கின இடத்துல பவளப்பாறை கிழிச்சுது. அந்தப் புண்ணுதான் டாக்டர் இது, இன்னிக்கு வரைக்கும் ஆறலை! அவரு விருந்துக்கு இவரு காலைக் கொடுத்தாரு. இப்ப அந்தக் காலுக்கு வர்ற மருந்தையும் அவரே எடுத்துக்கணுமா? தலைவராம் தலைவரு!

— அக்கா, கெஞ்சிக் கேட்கிறேன். அந்தத் திரைக்குப் பின்னாடி ஆள் இருக்காங்க.

— இருந்தா இருக்கட்டும்! நல்லாக் கேக்கட்டும்!

— கேட்டுக்கிட்டுத்தான்மா இருக்கேன். நான்தான் உங்க ராத்து. நெமானி, எழுந்திரிக்காதே, அப்படியே உட்காரு. டாக்டர், எனக்குன்னு அப்படி ஒண்ணை எடுத்து வச்சதே எனக்கு இப்பத்தான் தெரியும். அதை இவனுக்கு வைங்க, இன்னிக்கே வைங்க. வச்சு முடிச்சுட்டு வந்து எனக்குச் சொல்லுங்க: என் பேரைச் சொல்லி என் ஆளு காலை வெட்ட உத்தரவு போட்டவன் எவன்?